நடக்க முடியாதவர் நாடாண்டார்!

ஒரு நாள் அவர் காட்டுத் தீயை அணைத்தார். அந்தக் களைப்போடு ஓட்டமாக ஓடி ஓர் ஏரிக்குப் போனார். ஏரியில் நீந்தினார். அதுவும் போதாதென்று, பனிக்கட்டி போலக் குளிர்ந்த கடலில் இறங்கிக் குளித்தார்.

மறுநாள் காலையில் அவருடைய இடது கால் தள்ளாடியது. மூன்றாம் நாள் எழுந்து நிற்கவே முடியவில்லை. அப்பொழுது அவருக்கு வயது 39. அதன் பிறகு ஏறக்குறைய 24 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். இரும்புச் சட்டமும் ஊன்றுகோலும் பிறர் கையும் இல்லாமல் அந்த 24 ஆண்டுகளில் அவர் நடந்ததே இல்லை.

அவரைத்தான் அமெரிக்க மக்கள் தங்கள் ஜனாதிபதியாக நான்கு முறை தேர்ந்தெடுத்தார்கள். அவர் பெயர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

அமெரிக்க ஜனாதிபதியின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மழைக்காலத்தில் ஒரு முறை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை போய் வந்தால் காரணம் விளங்கும். கார் செய்யும் தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள் செய்யும் தொழிற்சாலை, செல்போன் செய்யும் தொழிற்சாலை என்று சாலை நெடுகத் தொழிற்சாலைகள். தென் மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஓர் அறைக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று தங்கி வேலை பார்க்கிறார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அறை முழுவதும் வந்துவிடுகிறது. டெங்கு ஒரு வருடம், சிக்குன்குனியா ஒரு வருடம், ஃபுளூ எல்லா வருடமும். 2020-லும் 2021-லும் வந்த கொரோனாவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

காய்ச்சல் விட்டவுடன் ஒவ்வோர் அறையிலும் ஒரே கேள்விதான். நாளைக்கு ஷிப்டுக்குப் போகலாமா? வராத நாளுக்குச் சம்பளம் இல்லாதவர்களுக்கு இது சின்னக் கேள்வி அல்ல. வியர்க்க வியர்க்க ஓடினால் மிச்சக் காய்ச்சலும் ஓடிவிடும் என்பான் ஒரு நண்பன். மூன்று மாதம் அசையாமல் படுத்திரு என்பாள் ஊரிலிருந்து போனில் பேசும் அம்மா. இந்த இரண்டு யோசனைகளின் பலனையும் தம் உடம்பிலேயே அனுபவித்தவர் ரூஸ்வெல்ட்.

செல்வப் பிள்ளை

ரூஸ்வெல்ட் 1882-ஆம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தாய்க்கு அவர் ஒரே பிள்ளை. பெரிய பண்ணை, குதிரைகள், படகு, வீட்டுக்கே வந்து பாடம் சொல்லும் ஆசிரியர்கள். குறை என்று ஒன்றும் இல்லை. நீச்சல், பாய்மரப் படகு, கோல்ஃப் எல்லாவற்றிலும் ஆசை. உயரமும் அழகும் உடையவர். 1905-ல் எலினார் என்ற பெண்ணை மணந்தார். ஐந்து குழந்தைகள் வளர்ந்தார்கள்.

1910-ல் மாநிலச் சட்ட சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1913-ல் நாட்டின் கடற்படைத் துறையில் உதவி மந்திரி ஆனார். முதல் உலக யுத்தம் முழுவதும் அந்தப் பதவியில் இருந்தார்.

1918-ஆம் ஆண்டு செப்டம்பரில், போர்முனையைப் பார்த்துவிட்டு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பினார். அந்த ஆண்டு உலகத்தையே சூறையாடிய விஷக் காய்ச்சல் கப்பலிலும் புகுந்தது. பலர் நடுக்கடலிலேயே இறந்தார்கள். ரூஸ்வெல்ட்டுக்கும் காய்ச்சல் வந்து, இரண்டு நுரையீரல்களிலும் நிமோனியா கண்டது. நியூயார்க் துறைமுகத்தில் அவரைத் தூக்குக் கட்டிலில் வைத்து இறக்கினார்கள். சில வாரங்கள் படுத்திருந்தார். பிறகு எழுந்து பழையபடி வேலைக்குப் போய்விட்டார்.

அந்த முறை தப்பித்ததுதான் பிறகு அவருக்கு வினையாயிற்றோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சொன்னபடி கேட்கும் உடம்பு என்ற நம்பிக்கை அவருக்கு எப்பொழுதும் இருந்தது. களைப்பு வந்தால் அதை இன்னும் கொஞ்சம் ஓடித் தீர்ப்பதே அவர் வழக்கம்.

1920-ல் உதவி ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

தீவில் ஒரு நாள்

1921-ஆம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி, நியூயார்க்குக்கு வடக்கே உள்ள கரடி மலையில் நடந்த சாரணர் முகாமுக்கு ரூஸ்வெல்ட் போயிருந்தார். பிள்ளைகளோடு அணிவகுத்து நடந்தார், உணவு உண்டார். அங்கேதான் அவருக்கு நோய்க் கிருமி தொற்றியிருக்க வேண்டும் என்று பிறகு வரலாறு எழுதியவர்கள் பலர் கருதுகிறார்கள்.

அது போலியோ என்னும் வைரஸ். நாம் இளம்பிள்ளை வாதம் என்று சொல்வோமே, அதுதான். தண்ணீர் மூலமாகவும், உணவு மூலமாகவும், கழுவாத கை மூலமாகவும் வாய்க்குள் போகும். குடலில் பெருகும். பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு லேசான காய்ச்சல் வந்து போகும். ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் அது முதுகுத் தண்டுக்குள் புகுந்து, தசைகளை ஆட்டி வைக்கும் நரம்பு அணுக்களைக் கொல்லும். அந்த அணு செத்தால் அது ஆட்டி வைத்த தசை அசையாது. கிருமி உள்ளே போய் ஒரு வாரம், இரண்டு வாரம் வரை வெளியே ஒன்றும் தெரியாது.

அந்த இரண்டு வாரத்தில் ரூஸ்வெல்ட் ஓய்வா எடுத்தார்? நண்பர் ஒருவருடைய படகில் ஏறி, கனடா நாட்டின் காம்ப்பபெல்லோ தீவுக்குப் புறப்பட்டார். அங்கே அவர்களுக்குக் கோடைக்கால வீடு உண்டு. வழியில் மூடுபனி. மணிக்கணக்காக நின்று அவரே சுக்கான் பிடித்தார். தீவுக்கு வந்தபின் மீன் பிடிக்கப் போய், கால் வழுக்கிக் குளிர்ந்த கடலில் விழுந்தார். அன்றைக்கே உடம்பு ஒரு மாதிரி இருந்திருக்கிறது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆகஸ்ட் 10-ந் தேதி வந்தது. மனைவி மக்களோடு பாய்மரப் படகில் போனார். ஒரு சின்னத் தீவில் புகை எழுவதைக் கண்டார். காட்டுத் தீ! எல்லோரும் கரை இறங்கினார்கள். பச்சை மரக் கிளைகளை ஒடித்து, தீயை அடித்து அடித்து அணைத்தார்கள். உடம்பெல்லாம் கரி, கண்ணெல்லாம் எரிச்சல். வீடு திரும்பியதும் ஏரியில் குளிக்கலாம் என்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஓடினார். ஒன்றரை, இரண்டு மைல் தூரம். ஏரித் தண்ணீர் இதமாக இருந்தது. அது அவருக்குப் போதவில்லை. பக்கத்துக் கடலில் ஒரு முழுக்குப் போட்டார். பிறகு மறுபடியும் வீட்டுக்கு ஓட்டம்.

வீட்டுக்கு வந்தால் தபால் காத்திருந்தது. ஈர உடையோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்து கடிதம் படித்தார். திடீரென்று உடம்பு நடுங்கியது. சாப்பிடாமல் படுக்கப் போனார். மாடிப்படியில் அவரே ஏறிப் போனார். தம் காலால் அவர் ஏறிய கடைசி மாடிப்படி அதுதான்.

பிடித்து விட்ட கைகள்

மறுநாள் காய்ச்சல். இடது கால் துவண்டது. அதற்கு அடுத்த நாள் இரண்டு காலும் போயின. உடம்பு முழுவதும் வலி. போர்வை பட்டால் கூடத் தாங்காது.

தீவுக்குப் பக்கத்து ஊர் டாக்டர் வந்து பார்த்துச் சளிக் காய்ச்சல் என்றார். மனம் கேளாமல் எலினார் ஒரு பெரிய டாக்டரை வரவழைத்தார். அவர் நாடறிந்த அறுவை சிகிச்சை நிபுணர், 84 வயது. முதுகுத் தண்டில் ரத்தம் கட்டியிருக்கிறது, கால்களை நன்றாகப் பிடித்து விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எலினாரும், ரூஸ்வெல்ட்டின் நண்பர் லூயி ஹோவும் இரவு பகலாகக் கால்களைப் பிடித்து விட்டார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தார். எவ்வளவு அன்போடு செய்த காரியம்! பாவம், அது உதவவில்லை.

ஆகஸ்ட் 25-ந் தேதி, பாஸ்டன் நகரத்திலிருந்து ராபர்ட் லோவெட் என்ற டாக்டர் வந்தார். இளம்பிள்ளை வாதத்தில் அவர் தேர்ந்தவர். பார்த்த உடனே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். முதலில் அவர் செய்த காரியம் பிடித்து விடுவதை நிறுத்தியதுதான். வெந்நீர் ஒத்தடம் இருக்கட்டும். வலி தீரும் வரை கால்களுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது என்றார்.

இந்தக் காலத்து விஞ்ஞானிகள் சிலர், ரூஸ்வெல்ட்டுக்கு வந்தது போலியோவே அல்ல, நரம்புகளைத் தாக்கும் வேறொரு நோய் என்று 2003-ல் எழுதினார்கள். வேறு சிலர் அதை மறுத்து, போலியோதான் என்றார்கள். அந்த வழக்கு அப்படியே இருக்கட்டும். அவரும் அவருடைய டாக்டர்களும் போலியோ என்றே நம்பிச் சிகிச்சை செய்தார்கள்.

உடம்புக்குள் யுத்தம்

அந்த ஒரு நாள் ஓட்டமும் நீச்சலும்தான் அவர் கால்களைப் பறித்தன என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்பட நியாயம் உண்டு.

பிரிட்டனில் 1947-ல் போலியோ பெருவாரியாகப் பரவியது. ரிச்சி ரஸ்ஸல் என்ற நரம்பு மருத்துவர், நோயாளிகள் ஒவ்வொருவரும் காய்ச்சல் தொடங்கிய நாட்களில் என்ன செய்தார்கள் என்று விசாரித்தார். உடம்பு சரியில்லை என்றதும் படுத்துக்கொண்டவர்களுக்கு வாதம் லேசாக வந்தது, அல்லது வரவே இல்லை. பந்து விளையாடியவர்கள், சைக்கிள் மிதித்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள் ஆகியோரில்தான் கை கால் மோசமாக முடங்கியவர்கள் அதிகம் இருந்தார்கள். அமெரிக்காவில் டோரதி ஹார்ஸ்ட்மன் என்ற பெண் டாக்டரும் 1950-ல் இதே விதமாகக் கண்டார். அதற்கு முன்பே, போலியோ கிருமி ஏற்றிய குரங்குகளைக் குளிர்ந்த நீரில் களைக்கக் களைக்க நீந்த விட்டுப் பார்த்திருந்தார்கள். அவற்றுக்கு வாதம் கடுமையாக வந்தது.

இது போலியோவோடு முடிந்த கதை அல்ல. காக்சாக்கி என்று ஒரு வைரஸ் உண்டு. சில சமயம் அது இதயத்தின் தசையைத் தாக்கும். 1970-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அந்த வைரஸ் ஏற்றிய சுண்டெலிகளை நீந்த விட்டார்கள். சும்மா இருந்த எலிகளின் இதயத்தைவிட நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் நூற்றுக்கணக்கான மடங்கு பெருகியிருந்தது. காய்ச்சலோடு விளையாட்டு மைதானத்தில் இறங்காதே என்று விளையாட்டு வீரர்களை டாக்டர்கள் இன்றும் தடுப்பதற்கு இதய அழற்சி பற்றிய பயம் ஒரு முக்கியக் காரணம்.

அழற்சி என்றால் என்ன? விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது அல்லவா? அதுதான் அழற்சி. அது நோய் அல்ல. நோயோடு உடம்பு செய்யும் சண்டை. ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு ஓடி வருகின்றன. ஒன்றை ஒன்று கூப்பிடுவதற்குச் சில ரசாயனப் பொருள்களைக் கக்குகின்றன. வைரஸ் காய்ச்சலில் இந்தச் சண்டை உடம்பு முழுவதும் நடக்கிறது. காய்ச்சலும், கை கால் குடைச்சலும், வாய்க் கசப்பும், படுக்கச் சொல்லும் அசதியும் அந்தச் சண்டையின் புகைதான்.

அந்த நேரத்தில் இதயம் ஏற்கெனவே வேகமாகத் துடிக்கிறது. காய்ச்சல் ஏற ஏறத் துடிப்பும் ஏறும். உடம்பு தன் தசையையே கொஞ்சம் கரைத்துச் சண்டைக்குச் செலவு செய்கிறது. இதன் மேல் நாம் பத்து மணி நேரம் நின்று வேலை செய்தால், அல்லது இரும்புக் குண்டு தூக்கினால், ஒரே வண்டியில் இரண்டு வண்டிப் பாரம் ஏற்றியதாகும். நல்ல உடம்பிலேயே கூட, மிகக் கடுமையான நீண்ட உழைப்புக்குப் பிறகு சில மணி நேரம் ரத்தத்தில் சில வகை வெள்ளை அணுக்கள் குறைந்து காணப்படுகின்றன. அவை சாவதில்லை, நுரையீரல், குடல் பக்கம் காவலுக்குப் போகின்றன என்று இப்பொழுது பலர் கருதுகிறார்கள். காய்ச்சல்காரன் உடம்பில் இந்த ஓட்டமும் நடமாட்டமும் எதற்கு?

நம் வீடுகளில் அம்மை போட்டால் என்ன செய்வோம்? வேப்பிலை படுக்கை, இளநீர், தனி இடம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வாசல் தாண்ட விடமாட்டார்கள். அம்மை கண்டவனை எந்த முதலாளியும் வேலைக்கு வா என்று கூப்பிட்டதில்லை. அந்த மரியாதையை நாம் மற்றக் காய்ச்சல்களுக்குக் கொடுப்பதில்லை. டெங்கு காய்ச்சலில் இன்னொரு பொல்லாத்தனம் உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். விட்டது என்று நினைப்போம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ஆபத்து வருவது அந்த நேரத்தில்தான். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு, கை கால் சில்லிடுதல் என்று ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டு வாசல் வரை

நியூயார்க் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் இருந்துவிட்டு, 1921 அக்டோபர் கடைசியில் ரூஸ்வெல்ட் வீடு வந்தார். முன்னேற்றம் இல்லை என்று குறிப்பு எழுதி அனுப்பினார்கள். அவருடைய தாயார், இனி அரசியல் எதற்கு, ஹைட் பார்க் பண்ணையில் நிம்மதியாக உட்கார்ந்திரு என்றார். எலினாரும் ஹோவும் அதற்கு ஒப்பவில்லை. ரூஸ்வெல்ட்டும் ஒப்பவில்லை.

ஆனால் அவர் அவசரக்காரர். தேகப்பயிற்சி சொல்லித்தர ஓர் அம்மையார் வந்தார். கொடுத்த பயிற்சி போதாதென்று ரூஸ்வெல்ட் தாமாகவே அதிகம் செய்வார். 1922-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கால் நரம்புகள் சுருட்டி இழுத்து, முழங்கால் மடங்கிக்கொண்டது. இரண்டு கால்களுக்கும் மாவுக் கட்டுப் போட்டு, ஆப்பு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். அந்த வலியைச் சொல்லி முடியாது.

பிறகு இடுப்பிலிருந்து பாதம் வரை இரும்புச் சட்டம். அக்குளில் கட்டைகள். ஹைட் பார்க் வீட்டு வாசலிலிருந்து பெரிய சாலை வரை கால் மைல் தூரம். அதை ஒரு நாள் நடந்து கடந்துவிட வேண்டும் என்று சபதம் எடுத்தார். வியர்வை சொட்டச் சொட்ட, ஒவ்வொரு நாளும் புறப்படுவார். கடைசி வரை அந்தக் கால் மைல் கைகூடவில்லை.

டாக்டர் லோவெட் வெகு நாட்களாகச் சொல்லி வந்தது ஒன்று உண்டு. வாதத்தில் தப்பிப் பிழைத்த தசையைக் களைக்கும்படி வேலை வாங்கினால் அது வளராது, தேயும் என்பதே அது. காரணம் பிற்காலத்தில் நன்றாக விளங்கிற்று. பத்து நரம்பு அணுவில் ஏழு செத்துவிட்டால், மிஞ்சிய மூன்றும் புதுக் கிளை விட்டு, அநாதையாகக் கிடக்கும் தசை நார்களையும் தத்து எடுத்துக்கொள்கின்றன. மூன்று பேர் பத்துப் பேர் வேலையைச் செய்கிறார்கள். அவர்களை அடித்து விரட்டினால் எத்தனை நாள் தாங்குவார்கள்? சிறு வயதில் போலியோ வந்து தேறியவர்களுக்கு முப்பது, நாற்பது வருடம் கழித்து மறுபடியும் தசை தளர்வது உண்டு. அதற்கு இந்த அதிக உழைப்பே காரணம் என்று டாக்டர்கள் பலர் கருதுகிறார்கள்.

வெந்நீர் ஊற்று

1924 அக்டோபரில் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு செய்தி எட்டியது. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு கிராமம். அங்கே ஊற்று நீர் கோடை, குளிர் எந்தக் காலத்திலும் 88 டிகிரி சூட்டோடு வருகிறது. வாதத்தால் கால் விழுந்த ஓர் இளைஞன் அந்த நீரில் பயிற்சி செய்து நடக்கத் தொடங்கினானாம்.

போய்ப் பார்த்தார். பழைய ஹோட்டல், ஓட்டை உடைசல். ஆனால் தண்ணீரில் இறங்கியதும் அவருக்கு உயிர் வந்தது. நீர் உடம்பைத் தாங்கியது. தரையில் ஓர் அங்குலம் அசையாத கால் தண்ணீரில் அசைந்தது. குளிர் இல்லாததால் வெகு நேரம் உள்ளே இருக்க முடிந்தது. களைப்பும் தெரியவில்லை.

காம்ப்பபெல்லோவில் அவர் குதித்ததும் தண்ணீர்தான், இதுவும் தண்ணீர்தான். அது நோய் உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது குதித்த கடுங்குளிர்த் தண்ணீர். இது நோய் போய் மூன்று ஆண்டு கழித்து, மெல்ல இறங்கிய வெதுவெதுப்பான தண்ணீர்.

செய்தி பத்திரிகைகளில் வந்தது. நாடெங்கிலுமிருந்து வாதம் கண்டவர்கள் ரயில் ஏறி வரத் தொடங்கினார்கள். அவர்களை எங்கே தங்க வைப்பது, யார் சொல்லித்தருவது? ரூஸ்வெல்ட்டே தண்ணீரில் இறங்கி அவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். விளையாட்டாக அவரை டாக்டர் ரூஸ்வெல்ட் என்றே அழைத்தார்கள். 1926-ல் தம் சொத்தில் பெரும் பகுதியைப் போட்டு அந்த இடத்தையே வாங்கிவிட்டார். வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். 1927-ல் அதை ஓர் அறக்கட்டளை ஆக்கினார். டாக்டரையும் பயிற்சி தருபவர்களையும் அமர்த்தினார். ஒவ்வொரு தசையையும் சோதித்து, இதற்கு இவ்வளவுதான் வேலை என்று அளந்து கொடுத்தார்கள். பயிற்சி, ஓய்வு, சாப்பாடு, அரட்டை, மறுபடியும் ஓய்வு. முன்பு அவசரப்பட்ட ரூஸ்வெல்ட் இங்கேதான் நிதானம் கற்றார்.

அவர் கால் திரும்பி வரவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தோளும் கையும் மல்யுத்த வீரனுக்கு இருப்பது போலத் திரண்டன. ஒரு கையில் தடியும், மறு கையில் மகனுடைய தோளும் கொண்டு, இடுப்பை வீசி வீசிச் சில அடிகள் எடுத்து வைக்கவும், மேடையில் நின்று பேசவும் பழகிக்கொண்டார். பார்த்தவர்கள் நடக்கிறார் என்றே நினைத்தார்கள்.

மூன்று மாதம் அசையாமல் படுத்திரு என்று சொன்ன அம்மாவுக்கு இங்கே பதில் இருக்கிறது. படுத்தே கிடந்தாலும் உடம்பு கெடும். ஒரு வாரம் படுக்கையில் கிடந்தாலே தொடை இளைக்கத் தொடங்கும். சண்டை ஓய்ந்த பிறகு, அழற்சியின் மிச்ச நெருப்பை அணைக்கத் தசைகளே உதவுகின்றன. வேலை செய்யும் தசை இன்டர்லூகின்-6 என்ற ஒரு பொருளை ரத்தத்தில் விடுகிறது. அதைத் தொடர்ந்து அழற்சியைத் தணிக்கும் வேறு பொருள்களும் சுரக்கின்றன என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த பென்டே பெடர்சனும் அவர் குழுவினரும் ஆராய்ந்து காட்டினார்கள். தினமும் அளவாக நடப்பவர்களுக்கு உடம்பில் நாள்பட்ட அழற்சி குறைவு. சிக்குன்குனியா வந்து மாதக் கணக்கில் மூட்டு வலிப்பவர்களுக்கும் லேசான அசைவு நல்லது.

எப்பொழுது தொடங்குவது? கொரோனாவுக்குப் பிறகு டாக்டர்கள் பலர் சொன்ன கணக்கு இது. காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல் ஒன்றும் இல்லாமல் ஏழு நாளாவது போகட்டும். பிறகு, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிற அளவு நடக்கலாம். அது சரிப்பட்டால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம். நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சிலருக்கு இதுவும் ஒத்துக்கொள்வதில்லை. இன்றைக்குக் கொஞ்சம் நடந்தால் நாளையும் மறுநாளும் எழுந்திருக்க முடியாமல் விழுந்துவிடுகிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்று ஏசுவது தவறு. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இப்படி நீடிக்கும் களைப்பு நோய் உடையவர்களுக்கு, வாரா வாரம் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சை வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2021-ல் அறிவித்தது. அவர்களுடைய சக்தி எவ்வளவோ அதற்குள்தான் அவர்கள் வேலை. ஷிப்டு சூப்பர்வைசர்கள் இதைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொண்டால் நல்லது.

வெள்ளை மாளிகை

ரூஸ்வெல்ட் 1928-ல் நியூயார்க் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1932 தேர்தலில் ஜனாதிபதி பதவிக்கு நின்று வென்றார். 1933 மார்ச் 4-ந் தேதி பதவி ஏற்றபோது நாட்டில் பாங்குகள் மூடிக் கிடந்தன, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வேலை இன்றித் திண்டாடினார்கள். அவர்களுக்கு வேலை கொடுத்ததும், முதியவர்களுக்கு ஓய்வூதியம் கொண்டுவந்ததும், இரண்டாவது உலக யுத்தத்தில் நாட்டை நடத்தியதும் பெரிய கதை. யுத்த காலத்தில் இந்தியாவின் விடுதலைக்காக அவர் சர்ச்சிலை நெருக்கியதும், சர்ச்சிலுக்கு அது பிடிக்காததும் பலருக்குத் தெரிந்ததே.

அவர் பதவி ஏற்ற ஆண்டே மக்கள் பணம் திரட்டி வெள்ளை மாளிகையில் ஒரு நீச்சல் குளம் கட்டிக்கொடுத்தார்கள். வேலை நடுவே அதில் நீந்துவார்.

1938-ல் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க ஒரு தேசிய நிறுவனம் ஏற்படுத்தினார். ஆளுக்குப் பத்து செண்ட் அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்டார்கள். குழந்தைகள் உண்டியலை உடைத்து, உறைக்குள் நாணயத்தை ஒட்டி வெள்ளை மாளிகைக்கே அனுப்பினார்கள். சாக்கு சாக்காக வந்த தபாலில் அரசாங்கக் கடிதங்களைத் தேடி எடுப்பதே கஷ்டமாயிற்று.

யுத்தமும் ரத்தக் கொதிப்பும் அவரை உருக்கின. 1945 மார்ச் கடைசியில் ஓய்வுக்காக வார்ம் ஸ்பிரிங்ஸ் போனார். ஏப்ரல் 12-ந் தேதி, அங்கே தம் சின்ன வீட்டில், மூளையில் ரத்தக் குழாய் வெடித்து இறந்தார். வயது 63.

சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1955 ஏப்ரல் 12-ந் தேதி, ஜோனஸ் சால்க் கண்டுபிடித்த போலியோ தடுப்பூசி பலிக்கிறது என்று அறிவித்தார்கள். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அந்தப் பத்து செண்ட் நிறுவனம்தான். இந்தியாவில் கடைசியாக இயற்கைப் போலியோ வைரஸ் ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

அவர் இறந்த மறு ஆண்டு, 1946 ஜனவரி 30-ந் தேதி, அவருடைய பிறந்த நாளில் அமெரிக்க அரசாங்கம் ஒரு புது நாணயம் வெளியிட்டது. அதில் ரூஸ்வெல்ட்டின் முகம் பொறித்திருந்தது. அது பத்து செண்ட் நாணயம்.